படப்பெட்டியும் நமது கடமையும்

(இளைஞர் மன்றத்தின் கூட்டமொன்றில் பல்கலைக்கழக மாணவ அங்கத்தவர் ஒருவர் நிகழ்த்திய உரை)



நமது மன்றம் அங்கத்தவர்களிடம் பணம் சேர்த்து இலக்கமுறைப் படப்பெட்டி ஒன்றை வாங்கியிருக்கிறது. அதனைத் திறந்து, ஆயத்தம் செய்து, பயன்படுத்தும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி செயலாளர் அண்ணர் என்னைப் பணித்தார். மிஷன் பாடசாலை ஒன்றின் விஞ்ஞான கூடத்திலும், பின்னர் பல்கலைக்கழகத்திலும் கற்றுக்கொண்டவற்றில் என் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன். படப்பெட்டியைப் பற்றி மாத்திரமன்றி, அதைக்கொண்டு நாம் முதலில் எதைச் செய்யவேண்டும் என்பதைப் பற்றியும் எனக்கு ஒரு கருத்து உண்டு. அதையும் சபையின் முன் வைக்க அனுமதி வேண்டுகிறேன்.

“கையில் இருக்கும் தொலைபேசியிலேயே படம் பிடிக்கலாமே, இதற்கெனத் தனிப்பெட்டி எதற்கு?” என்று சிலர் கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். பகல் வெளிச்சத்தில் ஒரு முகத்தைப் பிடிப்பதற்குத் தொலைபேசி போதும். இரவுக் களரியில் ஆடும் கூத்தனைத் தூரத்தில் நின்று பிடிப்பதற்கும், ஒரு பழைய ஏட்டின் எழுத்து எழுத்தாகப் பிரதி எடுப்பதற்கும் பெரிய வில்லையும் பெரிய உணரியும் உள்ள பெட்டி வேண்டும். இதைவிட முக்கியமான காரணம் இன்னொன்று. தொலைபேசி ஒருவருடைய சொந்தப் பொருள். அது தொலைந்தால் படமும் தொலைந்தது. மன்றத்தின் பெட்டியோ மன்றத்தின் பொறுப்பில் இருப்பது. அதில் பிடித்த படங்களுக்கு மன்றம் கணக்குக் காட்டவேண்டும்.

முதலில் இதன் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1839 ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து டகேர் என்பவரின் ஒளிப்பட முறை உலகுக்கு வெளியாயிற்று. வெள்ளி பூசிய தகட்டில் ஒளி பட்டு உருவம் பதிவது அந்த முறை. 1888 இல் அமெரிக்கரான ஜோர்ஜ் ஈஸ்ற்மன், நூறு படங்களுக்கான சுருள் அடைத்த சிறு பெட்டியைக் கொடக் என்னும் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன்பின் நெடுங்காலம் படம் என்றால் பிலிம், பிலிம் என்றால் இருட்டறை என்றிருந்தது.

1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வில்லாட் பொயில், ஜோர்ஜ் சிமித் என்னும் இருவர், ஒளியை மின்னேற்றமாக மாற்றிச் சேகரிக்கும் ஒரு சில்லை ஆக்கினர். இதற்காக 2009 இல் பௌதிகவியல் நொபெல் பரிசில் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது. 1975 இல் கொடக் கம்பனியில் வேலைசெய்த ஸ்ரீவன் சாசன் என்ற இளம் பொறியியலாளர், அத்தகைய சில்லை வைத்து முதலாவது இலக்கமுறைப் படப்பெட்டியைக் கட்டினார். அதன் நிறை ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. படத்தைப் பதிந்தது ஒரு கசெற் நாடா. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் பதிய 23 செக்கன் பிடித்தது. நூறு வரிசை, வரிசைக்கு நூறு என மொத்தம் 10,000 புள்ளிகளே அந்தப் படத்தில் இருந்தன. இன்று 24 மெகாபிக்செல் பெட்டி ஒன்றின் படத்தில் 6,000 க்கு 4,000 என்ற அளவில் இரண்டு கோடியே நாற்பது இலட்சம் புள்ளிகள் உள்ளன. இதிலே ஒரு படிப்பினை உண்டு. தன் வீட்டிலேயே பிறந்த இந்தக் குழந்தையைக் கொடக் கம்பனி நன்றாக வளர்க்கவில்லை. பிலிம் வியாபாரத்தையே பெரிதாக நம்பியிருந்த அக்கம்பனி 2012 சனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. புதியது வருகையில் முகத்தைத் திருப்பிக்கொள்வோருக்கு, அவர்கள் எவ்வளவு பெரியவர்களாயினும், இதுவே கதி.

இனி, பெட்டியின் உள்ளே நடப்பது என்ன? வயற்காரர் நிறைந்த சபை இது. ஆகவே வயலைக் கொண்டே சொல்கிறேன். ஒரு பெரிய வட்டையை ஆயிரமாயிரம் சிறு பாத்திகளாக வரம்பு கட்டிப் பிரித்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்கிறது. ஒவ்வொரு பாத்தியிலும் தேங்கிய தண்ணீரை அளந்து ஒரு கொப்பியில் இலக்கமாக எழுதுகிறோம். அந்தக் கொப்பியைப் பார்த்தே எங்கே அதிகம் பெய்தது, எங்கே குறைவாகப் பெய்தது என்று வீட்டிலிருந்தபடி சொல்லிவிடலாம். படப்பெட்டியின் உணரி இந்த வட்டை போன்றது. மழை என்பது ஒளி. கொப்பி என்பது நினைவக அட்டை. படம் இலக்கங்களாக எழுதப்படுவதனாலேயே இலக்கமுறை என்கிறோம். பாத்தி நிறைந்து வரம்பு மேவினால் அதற்குமேல் எவ்வளவு பெய்ததென்று அறிய வழியில்லை. அதுபோல, மிதமிஞ்சி ஒளி விழுந்த இடம் வெறும் வெள்ளையாகிவிடும். பின்னர் எந்தக் கணினியாலும் அதை மீட்க முடியாது. நிறம் வருவது எப்படி? பாத்திகளின்மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் நிறக் கண்ணாடிகள் வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு நான்கிலும் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். பிரைஸ் பேயர் என்பவர் வகுத்த ஒழுங்கு இது. நம் கண் பச்சை ஒளிக்குக் கூடுதலாகக் கூர்மையுடையதாதலின் பச்சைக்கு இரண்டு பங்கு.

இப்போது பெட்டியைத் திறப்போம். முதலாவது வேலை பற்றரியை முழுமையாகச் சார்ஜ் செய்தல். இரண்டாவது, கழுத்துப் பட்டியை மாட்டுதல். தோணியில் ஏறி இறங்கும் நம்மவர் இதனைச் சிறு காரியமாக எண்ணலாகாது. மூன்றாவது, நினைவக அட்டையை இட்டு, பெட்டியின் உள்ளேயே அதனைத் துப்புரவாக்கிக் கொள்ளுதல். முன்பு பயன்பட்ட அட்டையானால் அதிலுள்ள படங்களைப் பிரதி செய்த பின்னரே இதைச் செய்யவேண்டும். நான்காவது, படத்தின் அளவையும் தரத்தையும் மிகப் பெரியதாக அமைத்தல். பெரிய படத்தைப் பின்னர் சிறிதாக்கலாம்; சிறிய படத்தில் இல்லாத விபரத்தை எவராலும் உண்டாக்க முடியாது. ஐந்தாவது, கண் வைத்துப் பார்க்கும் துவாரத்தின் அருகே ஒரு சிறு சில்லு இருக்கும். கண்ணாடி அணியும் பெரியவர்கள் அதனைத் திருப்பித் தம் பார்வைக்கு ஏற்பத் தெளிவாக்கிக் கொள்ளலாம்.

ஆறாவதாகச் சொல்வதே மிக முக்கியமானது: திகதியையும் நேரத்தையும் சரியாக அமைத்தல். படப்பெட்டி ஒவ்வொரு படத்துடனும் அது பிடிக்கப்பட்ட நாளையும் நேரத்தையும் தானே எழுதிவிடும். கடிகாரம் பிழையானால் அந்தச் சாட்சியமும் பிழை. நம் நாட்டின் நேரமே மாறிய காலமொன்று உண்டு. 1996 மே மாதத்தில் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னே வந்தன. 2006 ஏப்ரலிலேதான் பழைய நேரத்துக்குத் திரும்பினோம். ஆகவே 2004 டிசம்பர் 26 இல் நம் கரையில் எடுத்த ஒரு படத்தில் உள்ள நேரத்தை இன்றைய நேரத்தோடு ஒப்பிடுபவர் அரை மணி வித்தியாசத்தை மனத்திற் கொள்ளவேண்டும். சரித்திரம் எழுதுபவருக்கு அந்த அரை மணியும் பெறுமதி உள்ளது.

அடுத்தது படம் பிடிக்கும் முறை. ஒளியைக் கட்டுப்படுத்த மூன்று வழிகள் உண்டு: துவாரம், கதவு, உணர்திறன். துவாரம் பெரிதானால் ஒளி கூடும். இதில் புதியவரை மயக்குவது ஒன்று உண்டு: இலக்கம் சிறிதானால் துவாரம் பெரிது. எஃப் 2 என்பது வில்லையின் குவிய தூரத்தை இரண்டால் பிரித்த விட்டம். 50 மில்லிமீற்றர் வில்லையானால் 25 மில்லிமீற்றர் துவாரம். எஃப் 16 என்றால் மூன்று மில்லிமீற்றர் சொச்சம். கதவு என்பது ஒளியை எவ்வளவு நேரம் உள்ளே விடுகிறோம் என்பது. அதனை ஒரு செக்கனில் நூற்றிலொரு பங்கு, ஆயிரத்திலொரு பங்கு என்று அளப்பர். உணர்திறனை ஐ.எஸ்.ஓ. என்னும் இலக்கத்தாற் குறிப்பர். அது கூடினால் குறைந்த ஒளியிலும் படம் வரும். ஆனால் மணல் தூவினாற்போன்ற புள்ளிகளும் உடன் வரும்.

வாவிக்கரையில் நல்ல வெயிலில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 16, கதவு நூற்றிலொரு செக்கன் அளவு என்று அமைத்தால் பெரும்பாலும் படம் சரியாக வரும். பிலிம் காலத்துப் படப்பிடிப்பாளர் மனனம் செய்து வைத்திருந்த வாய்பாடு இது. இரவுக் கூத்தில் நிலைமை வேறு. வடமோடி ஆட்டத்தில் அரசன் சுழன்று வருகையில் கதவு 125 இல் ஒரு பங்காவது இருக்கவேண்டும். அல்லாவிடில் உருவம் குழம்பும். துவாரத்தை எஃப் 2.8 வரை திறந்து, உணர்திறனை 3,200 அளவுக்கு உயர்த்தவேண்டி வரலாம். புள்ளி சற்று விழுந்தாலும் பாதகமில்லை, ஆட்டம் பதியவேண்டும். பிளாஷ் வெளிச்சம் வேண்டாம். அது ஒருசில மீற்றருக்கு அப்பாற் செல்லாது. ஆடுபவரின் கண்ணையும் கூசச் செய்யும்.

இன்னொரு நுட்பம். படப்பெட்டி தான் காணும் எல்லாவற்றையும் நடுத்தரமான சாம்பல் நிறமென்றே எண்ணி ஒளியை அளக்கிறது. ஆகையால் வெள்ளை வேட்டியும் வெண்மணலும் நிறைந்த தீர்த்தக்கரையைப் பிடித்தால் படம் மங்கலாகிவிடும். அப்போது ஒளியை ஒரு படி கூட்டவேண்டும். கருங்கல் தூணை விளக்கொளியில் பிடித்தால் கல் வெளிறிப்போகும். அப்போது ஒரு படி குறைக்கவேண்டும். வெள்ளையை வெள்ளையாகவும் கறுப்பைக் கறுப்பாகவும் காட்டுவது பெட்டியின் வேலையன்று. பிடிப்பவனுடைய புத்தியின் வேலை. முழங்கைகளை விலாவோடு சேர்த்து, பொத்தானைப் பாதி அழுத்திக் கூர்மையாகும்வரை பொறுத்து, பின்னர் மெதுவாக முழுவதும் அழுத்துங்கள்.

பெட்டியைப் பேணுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மூர்க் காற்றில் உப்பு உண்டு. மாரியில் ஈரம் உண்டு. உப்பு உலோகத்தைத் தின்னும். ஈரம் வில்லையிற் பூஞ்சணத்தை வளர்க்கும். கடற்கரைக் காற்றில் வில்லையைக் கழற்றி மாட்டாதீர்கள். பயன்படுத்தியபின் சற்று நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் இறுக்கமான பெட்டியில் வையுங்கள். அலுமாரியிற் பூட்டி மறந்துவிடுவதும் தீங்கே. மாதம் ஒருமுறையாவது வெளியே எடுத்துக் காற்றுக் காட்டவேண்டும்.

சபையோரே, இவையெல்லாம் பெட்டியுடன் வரும் சிறு புத்தகத்திலும் உள்ளவை. அந்தப் புத்தகத்தில் இல்லாத ஒன்றைப் பற்றி இனிச் சொல்கிறேன். இந்தப் பெட்டியை வைத்து நாம் முதலில் எதைப் பிடிப்பது?

வருகின்ற திருவிழாவைப் பிடிப்போம் என்று நண்பர்கள் கூறுகிறார்கள். பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் திருவிழா அடுத்த ஆண்டும் வரும். அடுத்த ஆண்டு வராத சில நம்மிடையே உள்ளன. நம் வீட்டுச் சுவர்களிலே கண்ணாடிச் சட்டத்துள் வெளிறிக்கொண்டிருக்கும் பழைய படங்களை எண்ணிப் பாருங்கள். பாட்டனாரின் கலியாணப் படம், பாடசாலை உதைபந்தாட்டக் குழு, கொடியேற்றத்தன்று நிற்கும் வண்ணக்கர்மார். அந்தப் படத்தில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் யார் என்று கேட்டால் சொல்லக்கூடியவர் இன்று ஊரில் இரண்டொருவரே இருப்பர். அவர்கள் எண்பது வயதைக் கடந்தவர்கள். அவர்கள் போனபின் படம் இருக்கும், பெயர் இராது. பெயரில்லாத படம் அனாதை.

1978 நவம்பர் 23 இல் வீசிய சூறாவளி நம் கூரைகளைப் பிடுங்கி எறிந்தது. 2004 ஆழிப்பேரலை கல்லடியிலும் நாவலடியிலும் வீடுகளை அத்திவாரத்தோடு கொண்டுபோயிற்று. உயிரிழந்த தாயின் முகத்தைப் பிள்ளைக்குக் காட்ட ஒரு படமேனும் எஞ்சாத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அலையின்பின் தண்ணீரில் ஊறிய படங்களைப் பொறுக்கி வெயிலில் உலர்த்தியவர்களும் உண்டு. அந்தப் படங்களுக்கு வேறொரு ஊரில் ஒரு பிரதி மாத்திரம் இருந்திருந்தால்! 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. பிரதி இருந்த நூலை மீண்டும் வாங்கலாம். ஒரேயொரு ஏடாக இருந்தது போனால் போனதுதான்.

நம் முன்னோர் இதனை அறியாதவர்களல்லர். ஏடு செல்லரிக்குமுன் புதிய ஏட்டில் பெயர்த்து எழுதினர். கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கிற் படிக்கும் கண்ணகி வழக்குரை நமக்குக் கிடைத்தது அவ்வாறு பெயர்த்தெழுதிய கைகளினால். எஃப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962 இல் மட்டக்களப்பு மான்மியத்தை அச்சேற்றினார். பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்கள் 1964 இல் மட்டக்களப்புத் தமிழகத்தை வெளியிட்டார். அவர்கள் காலத்தில் கையும் எழுத்தாணியும் அச்சுக்கூடமும் செய்த பணியை இன்று இந்தச் சிறு பெட்டி மிக விரைவாகச் செய்யும். புதுச்சேரியிலே பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 தொடக்கம் தென்னாட்டுக் கோயில்களையும் சிற்பங்களையும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட படங்களில் பதிந்து வைத்திருக்கிறது. அந்நகரில் பேணப்படும் சைவச் சுவடிகளை 2005 இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. அதே 2005 இல் நம் நாட்டுத் தமிழ் இளைஞர் சிலர் நூலகம் என்னும் இலக்கமுறை நூலகத்தைத் தொடங்கினர். பழைய நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் அங்கே பக்கம் பக்கமாகச் சேர்ந்துள்ளன. பெரும் பணக்காரர் செய்த காரியமல்ல அது. பொறுமையுள்ளவர்கள் செய்த காரியம்.

ஆகவே என் பிரேரணை இது. முதலாவது ஆண்டில் இந்தப் பெட்டி வீடு வீடாகச் செல்லட்டும். பழைய படத்தைச் சட்டத்திலிருந்து கழற்ற முடியுமானால் கழற்றி, வெயில் நேரே படாத யன்னலருகே தட்டையாக வைத்து, பெட்டியைக் கவையில் நிறுத்தி, படத்துக்குச் சமாந்தரமாகப் பிடித்துப் பிரதி எடுப்போம். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் வற்புறுத்திப் பிரிக்கவேண்டாம். சாய்ந்த வெளிச்சத்தில் கண்ணாடியோடே பிடிக்கலாம். ஏடானால் பக்கவாட்டில் ஒளி விழச் செய்யுங்கள்; எழுத்தாணிக் கீறல் நிழலிட்டுத் தெரியும். எண்ணெயோ மையோ நாமாகப் பூசலாகாது. அது கைதேர்ந்தவர் வேலை. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் படம் பிடிக்க, மற்றவர் கொப்பியோடு பெரியவரின் அருகிலிருந்து பெயர், ஊர், ஆண்டு, சந்தர்ப்பம் யாவற்றையும் எழுதவேண்டும். என் எண்ணத்தில் கொப்பிக்காரனே பெரியவன். ஒரே படத்துக்கு மூன்று பிரதிகள் வைப்போம். ஒன்று மன்றக் கணினியில். ஒன்று தனியான சேமிப்புத் தட்டில். மூன்றாவது வாவிக்கும் கடலுக்கும் எட்டாத வேறோர் ஊரில். மூலப்படம் அன்றைக்கே வீட்டாரின் கையில் திரும்பவேண்டும்.

பெரியோர்களுக்கு ஒரு கவலை உண்டென்பதை அறிவேன். கும்பிட வந்த இடத்தில் கையுயர்த்திப் படம் பிடிப்போர் கூட்டம் சுவாமியை மறைக்கிறது என்கிறீர்கள். அது நியாயமான மனக்குறை. மாமாங்கத் தீர்த்தத்தன்று படித்துறையில் பக்தியோடு நிற்பவருக்கு முன்னே நாம் பெட்டியோடு பாயலாகாது. ஆலயத்தில் மன்றத்தின் சார்பில் இருவர் மாத்திரம், ஆலயத்தார் காட்டிய இடத்தில் நின்று பிடிக்கட்டும். மூலஸ்தானத்தைப் பிடிக்கவேண்டாம். சன்னதம் கொண்டு ஆடுபவரையும், துக்க வீட்டில் அழுபவரையும், நீராடும் பெண்களையும் பிடிப்பது படமாகாது, களவாகும். குழந்தைகளைப் பிடிக்குமுன் தாய் தந்தையரிடம் கேட்கவேண்டும். முன்னாளில் ஒரு படம் அலுமாரிக்குள் இருந்தது. இன்று அரை நிமிடத்தில் உலகெங்கும் சென்றுவிடும். சென்றதைத் திருப்பி அழைக்க எவராலும் இயலாது. ஆகவே கேட்டுப் பிடிப்பதும், வேண்டாம் என்றால் பெட்டியைத் தாழ்த்துவதும் நம் மன்றத்தின் முதல் விதியாக இருக்கட்டும்.

இறுதியாக ஒன்று. காரைதீவிலே 1892 இற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் மிஷன் பாடசாலைகளிற் கற்றவர், விஞ்ஞானம் போதித்தவர், யாழ் நூல் தந்தவர். புதிய விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்வதற்குக் கலைச்சொல் ஆக்கும் பணியிலும் அவர் முன்னின்றார். பிறர் கண்டுபிடித்த கருவியை வெறுத்தொதுக்குவதும் அவர் வழியன்று. அதன் முன்னே நம்மை மறந்து நிற்பதும் அவர் வழியன்று. கருவியை நம் கையில் எடுத்து, நம் மொழியில் விளங்கி, நம் பொருளைக் காக்கப் பயன்படுத்துவதே அவர் காட்டிய நெறி.

சகோதரர்களே, வருகின்ற ஞாயிற்றுக்கிழமை காலை பற்றரி தயாராக இருக்கும். இரண்டு கொப்பிகளும் வாங்கி வைக்கப்பட்டுள்ளன. சபையிலுள்ள பெரியவர்கள் தயைகூர்ந்து வீட்டுக்குப் போனதும் பழைய றங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். நாங்கள் வருவோம். படத்தைக் காட்டி, அதில் நிற்பவரின் பெயரை எங்களுக்குச் சொல்லுங்கள்.